கண்ணாடி இல்லாத லேசரும் தலையில் வைத்த பூவும்

ஐப்பசி, வெள்ளிக்கிழமை இரவு. வேங்கிக்கால்.

இன்று கீழ்பென்னாத்தூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். ஆராய்ச்சி முடியாமல் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லத்தான் இருந்தேன். அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா என் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டார். கண்ணாடி இல்லாத லேசர் என்றேன்; மற்ற லேசர்களில் ஒளி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே போய்த் திரும்பித்தான் வலுக்கும் என்றும் சொன்னேன்.

"கண்ணாடி இல்லாம வெளிச்சம் எப்படிம்மா திரும்பி வரும்?"

என் கைடுகூட இவ்வளவு சரியாகக் கேட்டதில்லை. உற்சாகத்தில் கொட்டிவிட்டேன். திரவப் படிகத்தின் மூலக்கூறுகள் சுழல் படிக்கட்டு போலத் திரும்பித் திரும்பி அடுக்காக நிற்கும். அதில் கலந்த சாயத்திலிருந்து வரும் ஒளியை ஒவ்வொரு அடுக்கும் கொஞ்சம் கொஞ்சம் திருப்பி அனுப்பும். உள்ளேயே அலைந்து வலுத்து, லேசராக வெளியே வரும். கையைச் சுழற்றிக் காட்டிச் சிரித்தேன்.

"பொண்ணு மொகத்துல எவ்ளோ சந்தோஷம், பாருங்க!" என்று அந்த அம்மா என் தலையில் பூ வைத்துவிட்டார். பூ வைத்தால் சம்பந்தம் முடிவான மாதிரிதான்.

அவர்கள் போன பிறகு வேண்டாம் என்றேன். "நல்ல மனுஷங்கம்மா, மனசு கஷ்டப்படுவாங்க" என்கிறார் அப்பா. "வச்ச பூவை எடுக்காதடி" என்கிறாள் அம்மா. யாரும் அதட்டவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித்தான் அனுப்புகிறார்கள்.

மல்லி வாடிவிட்டது. இன்னும் எடுக்கவில்லை. ஒளியாக இருந்தால் இந்நேரம் வெளியே வந்திருப்பேன்.