சமாதான அல்வா

அன்புள்ள அத்தானுக்கு,

வள்ளியூரில் மதினி வீட்டில் சௌக்கியமாக இருப்பீர்கள். போனை எடுக்காததால் இந்தக் கடிதம்.

நாம் எப்போது சண்டை போட்டாலும், சாயங்காலம் டவுணில் வரிசையில் நின்று சூடாக அல்வா வாங்கி வருவீர்கள். நான் தின்றுவிட்டால் சமாதானம். இந்த முறை வேண்டாம் என்றேன். “அப்போ ஒனக்கு இன்னும் கோவம் ஆறலை, அப்படித்தான?” என்று பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டீர்கள்.

கோபம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காரணம் அதுவல்ல. அன்று காலைதான் டாக்டரம்மா, “குடல்ல அழற்சி இருக்கு. அதுதான் விரல் மூட்டையும் வீங்க வைக்குது. மாத்திரையோட, இனிப்பையும் நெய்யையும் கொஞ்ச நாள் நிறுத்துங்கம்மா” என்றார். பாத்திரம் தேய்த்துத்தான் வீங்குகிறது என்று நீங்கள் சொன்னதை நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

மருந்து கேட்கிறது. காலையில் கஞ்சியும் மோரும்தான். நேற்று என் தலையை நானே பின்னிக்கொண்டேன். இந்தக் கையெழுத்தையும் பாருங்கள், எங்கேயாவது கோணியிருக்கிறதா?

அல்வாவைத்தான் வேண்டாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு வாருங்கள். பிடித்துக்கொள்ள என் விரல்கள் இப்போது மடங்குகின்றன.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி