ஆறு புள்ளி போன கோடை

யூன் 2, 1996, ஞாயிறு

எங்கள் தீவொளி உதைபந்தாட்டக் கழகம் இரண்டுக்கு ஒன்று வென்றது. என் புருசன் பஸ்ரியன் நல்ல குணத்தில் இருக்கிறார். கேட்காமலே கோப்பை கழுவினார். இது லீக்கில் முதலாமிடம் இருக்கும்வரை நீடிக்கும்.

வென்றது கோல்கீப்பர் ஜூலியஸால்தான். மன்னார் ஆள், இருபத்தாறு வயது, கனடா வந்து ஏழு மாதம். சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் நாலு பேரோடு ஓர் அறையில் இருக்கிறான். அவனை வடமதிக் கழகம் கொத்திக்கொண்டு போகமுதல் எங்கள் ஆட்கள் முந்திவிட்டார்கள். வேலை கிடைக்கும்வரை அவனுடைய வாடகையைக் கழகம் கட்டுகிறது. இதற்கு எங்கள் ஆட்கள் வைத்திருக்கும் பெயர் அன்பு.

யூன் 16, ஞாயிறு

கழகத் தலைவர் அகஸ்ரின் அண்ணை லீக்கின் வருடாந்தப் படிவத்தோடு வந்தார். "தங்கச்சி வேரோனிக்கா, உம்மடை இங்கிலிசு வடிவு. நிரப்பி விடும்."

பல் வைத்தியரிடம் வேலை செய்து நாள் முழுக்கப் படிவம் நிரப்புகிறவளுக்கு ஞாயிறும் ஒரு படிவம். நிரப்பினேன். 'விளையாடுபவர்களுக்குக் கொடுத்தவை' என்று ஒரு வரி இருந்தது. ஜூலியஸின் நாலு மாத வாடகையை எழுதினேன். ரிவியில் ஐரோப்பியக் கிண்ணம். அண்ணை கண்ணை அங்கே வைத்துக்கொண்டு கையை இங்கே நீட்டிக் கையெழுத்து வைத்தார்.

யூலை 9, செவ்வாய்

லீக் செயலாளர் சச்சிதானந்தனிடமிருந்து கடிதம். விளையாடுபவருக்குக் கழகம் காசு கொடுக்கக் கூடாது என்ற விதியை மீறியதால் தீவொளிக்கு ஆறு புள்ளி வெட்டு. முதலாமிடத்திலிருந்து ஐந்தாமிடம்.

போன வருடம் வடமதி மொன்றியலில் இருந்து இரண்டு பேரைக் காசு கொடுத்து இறக்கியபோது அந்த விதியைக் கொண்டுவந்ததே எங்கள் கழகம்தான். முன்மொழிந்தவர் அகஸ்ரின் அண்ணை. வழிமொழிந்தவர் என் புருசன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "நீதி வெண்டிட்டுது" என்று சொன்னவர்.

இன்று அவர் சாப்பிடவில்லை.

யூலை 10, புதன்

"காட்டிக்குடுத்தவன் ஆர்?" என்று கேட்டுப் பதினேழு ரெலிபோன். பதினேழையும் நான்தான் எடுத்துப் பஸ்ரியனிடம் கொடுத்தேன்.

யூலை 14, ஞாயிறு

வெக்ஸ்போர்ட் மைதானத்தில் இவ்வளவு சனத்தை நான் கண்டதில்லை. முதலாமிடத்தில் இருந்தபோது வராதவர்கள் எல்லாம் அநியாயத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். ஒருவர் பிடித்திருந்த அட்டையில் 'ஏழைகளின் கழகத்தை நசுக்காதே' என்று எழுதியிருந்தது. மார்க்கம் என்கிற வசதியான புறநகரில் இரண்டு கார் நிற்கும் வீடு அவருடையது.

காட்டிக்கொடுத்தவனையும் கண்டுபிடித்துவிட்டார்கள். எங்கள் கழகத்து இக்னேசியஸ். அவர் செய்த குற்றம், தங்கச்சியை வடமதிக்காரனுக்குக் கட்டிக்கொடுத்தது. பக்கத்தில் ஒருவரும் நிற்கவில்லை. மனுசன் மைதானக் கோட்டுக்கு வெளியே தனியே நின்று எங்களுக்காகக் கத்திக்கொண்டிருந்தார்.

உள்ளதைச் சொல்ல எனக்கு ஏன் வாய் வரவில்லை? பயமா? பஸ்ரியனுக்குப் பயமா, இந்தச் சனத்துக்கா?

யூலை 20, சனி

எங்கள் வீட்டில் கூட்டம். பதினான்கு பேர். முதல் விசயம், இக்னேசியஸைக் கழகத்தை விட்டு நீக்குவது. அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கையுயர்த்தச் சொன்னார்கள்.

தேத்தண்ணித் தட்டை வைத்துவிட்டுச் சொன்னேன்: "அவர் இல்லை. நான்தான் எழுதினனான். படிவத்திலை கேட்டிருந்தது. கீழை கையெழுத்து அகஸ்ரின் அண்ணையின்ரை."

பஸ்ரியன் கதிரையை என் பக்கம் திருப்பினார். பிறகு, "உண்மையையோ எழுதினனீர்?" என்று கேட்டார். வேறு எந்தக் குற்றமென்றாலும் அந்தக் குரலில் கேட்டிருக்க மாட்டார்.

ஒருவரும் இக்னேசியஸிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒருவர் தட்டிலிருந்த கடைசி றோல்ஸை எடுத்து அவர் கையில் வைத்தார். அவ்வளவுதான்.

அண்ணை உடனே வழி கண்டுபிடித்துவிட்டார். மேல்முறையீடு. தங்களுக்கு ஒன்றும் தெரியாது, ஜூலியஸ் பொய் சொல்லி வாடகைக் காசை ஏமாற்றி வாங்கிவிட்டான் என்று ஒரு கடிதம். ரைப் பண்ண வேண்டியவள் நான்.

"செப்ரெம்பரிலை அவனுக்கு அகதி விசாரணை இருக்கு, அண்ணை. பொய்காரன் எண்டு கடிதம் எழுதி வைக்கிறதோ?"

"லீக் கடிதத்தை அங்கை ஆர் பாக்கப்போறான்?"

"ஆரெண்டாலும் கொண்டுபோய்க் குடுக்கலாம். நான் எழுதமாட்டன்."

எல்லாரும் போனபிறகு பஸ்ரியன், "நாலு பேருக்கு முன்னாலை என்னை வெக்கப்படுத்திப்போட்டீர்" என்றார். நாலு பேர் இல்லை, பதினான்கு பேர். சொல்லவில்லை. எனக்கென்ன வந்தது, ஒரு பந்துக்கு? எழுதிக் குடுத்திட்டு இருந்திருக்கலாமே — இல்லை. ஏலாது. அந்தக் கடிதம் அவனுக்குப் பின்னாலை போகும்.

யூலை 21, ஞாயிறு

பூசை முடிந்து வந்தால் வாசலில் ஜூலியஸ். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறான். உள்ளே வந்தும் இருக்கவில்லை.

"அக்கா, அந்தக் கடிதத்தை எழுதுங்கோ. எனக்குப் பரவாயில்லை. குளிருக்கை கழகத்து ஆக்கள்தானே எனக்கு இடம் தந்தவை."

"நீர் பொய் சொல்லி வாங்கினனீரோ?"

"இல்லை. ஆனா அவைக்குக் கிண்ணம் வேணுமே."

குசினியில் பஸ்ரியன் தேத்தண்ணி ஊற்றுகிற சத்தம் நின்றுவிட்டது. கோப்பையோடு வந்தார். அண்ணை கையால் எழுதி விட்டுப்போன கடித வரைவு மேசையில் இருந்தது. தேத்தண்ணி முழுவதும் அதன்மேல் போனது. கை தவறியதாக அவர் சொல்கிறார்.

"தாள் நனைஞ்சுபோச்சு. இனி ரைப் பண்ணேலாது," என்றார் என்னிடம். ஜூலியஸைப் பார்த்து, "இரும். சாப்பிட்டுட்டுப் போம்" என்றார்.

ஓகஸ்ட் 25, ஞாயிறு

பருவம் முடிந்தது. வடமதிக்குக் கிண்ணம், எங்களுக்கு நாலு புள்ளி குறைவு. 'அந்த ஆறு புள்ளியை வெட்டாட்டில் கிண்ணம் எங்களுக்குத்தான்' என்று தீவொளிச் சனம் மைதானத்திலேயே கேக் வெட்டிக் கொண்டாடியது. வென்றவர்கள் பேசாமல் காரேறிப் போனார்கள்.

கழகத்தில் என்னோடு பேசுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் இக்னேசியஸ்.

செப்ரெம்பர் 19, வியாழன்

ஜூலியஸை அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போனவர் பஸ்ரியன். வேலைக்கு லீவு போட்டது எனக்கு இன்றுதான் தெரியும்.

மே 18, 1997, ஞாயிறு

ஜூலியஸ் இப்போது மார்க்கத்தில் கதவு செய்கிற இடமொன்றில் வேலை. வாடகையைத் தானே கட்டுகிறான். எங்கள் ஆட்கள் இந்த வருடம் அவனைக் கூப்பிடவில்லை. வடமதி கூப்பிட்டது.

இன்று இரண்டு கழகமும் மோதின. கடைசி நிமிடத்தில் எங்களுக்குப் பெனால்ரி. ஜூலியஸ் இடப்பக்கம் பாய்ந்து பந்தை வெளியே தள்ளினான். எங்கள் பக்கம் மூச்சுக்கூட இல்லை. ஓர் ஆள் மட்டும் கைதட்டியது கேட்டது.

எல்லாரும் திரும்பிப் பஸ்ரியனைப் பார்த்தார்கள்.

"குளிரிலை கை விறைச்சுப்போச்சு, அதுதான்," என்றார்.

நல்ல வெயில். நான் சுவெற்றரைக் கழற்றி மடியில் வைத்திருந்தேன்.