கையை முதுகுக்குப் பின்னால் மறைக்கிறவனுக்கு

என் மகனுக்கு,

உன் வலது கை உடைந்திருக்கிறது, நீ அதை எங்களிடமிருந்து மறைக்கிறாய். இங்கே நான், அப்பா, தங்கச்சி மூவரும் நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன், கேட்டால் சூப்பரா இருக்கேம்மா என்பாய். போனில் பேசினால் இரண்டே நிமிடத்தில் என்னைச் சிரிக்க வைத்துப் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். நம் தெரு அச்சகக்காரரின் மருமகன் லீவு முடிந்து புதன்கிழமை நீ இருக்கிற ஊருக்குத் திரும்புகிறார். இதை உன்னிடமே கொடுத்து, எந்தக் கையால் வாங்கினாய் என்று பார்த்துச் சொல்லவும் சொல்லியிருக்கிறேன்.

நீ கிடங்கில் அடுக்கின் மேலிருந்து பெட்டிகளோடு விழுந்த வீடியோவை உன் அறையில் இருக்கிற டிரைவர் பையன் தங்கச்சிக்கு அனுப்பினான், உங்க அண்ணன் காமெடியைப் பாரு என்று எழுதி. அவள் அத்தைக்கு அனுப்பினாள். அத்தை உடனே போன் போட்டு, அப்படியே நம்ம குட்டிக்கரணம்தான் அண்ணி, அந்தச் சண்டைப்படச் சீனாக்காரன் இவன்கிட்ட பிச்சை வாங்கணும் என்றாள். எனக்கும் முதலில் சிரிப்பு வந்தது. இரண்டாம் முறை போட்டுப் பார்த்தபோதுதான் கவனித்தேன், நீ எழுந்து நின்று பல்லைக் காட்டிக்கொண்டே வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் உதறினாய். குட்டிக்கரணம் என்று நாம் பேர் வைத்த அந்த நடிகரின் அத்தனை படங்களையும் உன்னோடு உட்கார்ந்து பார்த்தவளடா நான். எதிரியின் தாடையில் ஒன்று விட்டுவிட்டு, வலியில் உயிர் போக, கையைப் பின்னால் மறைத்து உதறிக்கொண்டே சிரிப்பாரே, எதிரிக்குத் தெரியாது, பார்க்கிற நமக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஆளை எனக்குப் பிடித்ததே அதனால்தான். மற்ற கதாநாயகர்கள் நூறு பேரை அடித்தாலும் தலைமுடி கலையாது. இவருக்குத்தான் வலிக்கும், விழுந்தால் இடுப்பைத் தேய்ப்பார், ஓட வழியிருந்தால் ஓடிவிடுவார். தையல் ஆலையில் என் விரலில் ஊசி ஏறி, டேப்பைச் சுத்திட்டு மிஷின்ல உட்காரு என்று மேஸ்திரி சொன்ன அன்றெல்லாம் அவர் படத்தைப் போட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். அவரைப் போல நீ பெஞ்சிலிருந்து விழுந்து காட்டும்போது கை தட்டியவளும் நான்தான். ஒரு நாள் முழங்கையில் ரத்தம், நீ பின்னால் மறைத்துக்கொண்டு சிரித்தாய், நான் இன்னும் பலமாகத் தட்டினேன். என்னைத்தான் அறைய வேண்டும்.

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, அவர் தப்பாக விழுந்து அடிபட்டதையும் காட்டுவார்களே, ஞாபகம் இருக்கிறதா. சுற்றியிருக்கிற பத்துப் பேரும் ஓடி வருவார்கள், ஒருத்தன் தலையைத் தாங்குவான், ஒருத்தன் ஐஸ் வைப்பான். உன் வீடியோவிலும் பத்துப் பேர் இருக்கிறார்கள், எண்ணிவிட்டேன். பத்துப் பேரும் போனைப் பிடித்தபடி நிற்கிறார்கள், எல்லாரையும் விட உரக்கச் சிரிக்கிறவன் உன் சூப்பர்வைசர். நீ மேலே நின்று அவர் மாதிரி தள்ளாடிக் காட்டினாய், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெட்டி தூக்கும் வண்டி வந்து அடுக்கை இடித்த பிறகுதான் விழுந்தாய், அதுவும் வீடியோவில் இருக்கிறது. இப்போது, விளையாடி நானே விழுந்தேன் என்று எழுதிய காகிதத்தை நீட்டியிருக்கிறார்களாம், வைத்தியத்துக்குக் கம்பெனி பொறுப்பில்லையாம். தங்கச்சி அதட்டிக் கேட்டதும் டிரைவர் கக்கிவிட்டான். இடது கையால போட்டாலும் போதும்பா என்றானாமே அந்தச் சூப்பர்வைசர். வலது கை எழுதாது என்று அவனுக்குத் தெரியும், பெற்றவளுக்குத் தெரியக் கூடாதா? அப்பா, போட்டுக் கொடுத்துட்டு வேலையைக் காப்பாத்திக்கட்டும் என்கிறார். பஸ் பணிமனையில் முப்பது வருடம், நீட்டிய காகிதத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டு நிமிர முடியாமல் போன முதுகை வைத்துக்கொண்டு பேசுகிறார். நீ போடாதே. வேலை போனால் போகட்டும், வீட்டுக்கு வா. டிரைவர் வீடியோவை அழித்துவிட்டானாம், தங்கச்சியிடம் பத்திரமாக இருக்கிறது.

கை கால் சுகத்தோடு நீண்ட நாள் நன்றாக இரு. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ, மறக்காதே.

உன் அம்மா

மடித்து வைக்கும் முன் மனசு கேட்காமல் உன்னை வீடியோவில் கூப்பிட்டேன். எடுத்தாய், சாப்பிட்டியாம்மா என்றாய். வலது கையைத் தூக்கிக் காட்டு என்றேன். நெட் சரியில்லம்மா என்றாய், உடனே உன் முகம் சிரித்தபடியே அசையாமல் நின்றுவிட்டது. உன் பின்னால் மின்விசிறி மட்டும் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. கையைக் காட்டுடா.