நீ அணைக்காத சூடம்

மச்சான்,

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் லயத்து ஆட்கள் வந்து என்னை நம் பழைய தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் ஒரு பலாமரத்தால் சண்டை. யார் நட்டது என்று சொல்லக்கூடிய பழைய ஆட்களில் உயிரோடு இருப்பது நானும் இன்னும் இரண்டொருவரும்தான். துரைமார் போய்விட்டார்கள், தோட்டம் அரசாங்கத்துக்கு வந்துவிட்டது, ஆனால் வழக்குத் தீர்க்கிற இடம் மாறவில்லை. அதே மாரியம்மன் கோயில் வாசல்தான். நான் போய் நின்றதும் ஒரு பெண் தட்டில் சூடத்தைக் கொளுத்தி என் முன்னால் நீட்டினாள்.

அந்த வாசம் மூக்கில் ஏறியதுமே என் வலது கை தானாக மூடிக்கொண்டது. இருபது வருஷம் ஆகிவிட்டது, கைக்கு இன்னும் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கே நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். நீ கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகிறது, படிக்க மாட்டாய் என்று தெரியும். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் உள்ளே வைத்திருந்தால் எனக்கு என்ன ஆகும் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்?

நம் இரண்டு பேருக்கும் அப்போது லயத்து வரிசையில் அடுத்தடுத்த காம்பரா, வீட்டுக்கு ஒரு அறை. நடுவில் இருந்த சுவர் இருந்தும் இல்லாத மாதிரிதான். உன் வீட்டில் குழம்பு தாளித்தால் என் வீட்டில் தும்முவோம். மழைக்காலத்தில் கொக்கோ காய வைக்கிற வீட்டில் நெருப்புப் பார்ப்பது நம்ம இரண்டு பேருடைய வேலை. மேலே தட்டுத் தட்டாக விதை, கீழே விறகு. புளித்த விதையின் வாடை உடம்போடு ஒட்டிக்கொண்டு நம் கூடவே லயத்துக்கு வரும். பகல் நாலு மணி வரை நான், அதற்குப் பிறகு நீ. நீ வரும்போது ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வருவாய். முழு லயத்திலும் வேதக்காரக் குடும்பம் உங்களுடையது ஒன்றுதான் என்பதால், "வாங்க சாமியாரே" என்று நான் கேலி பண்ணுவேன்.

அன்று மூன்று மணிக்கு நான் என்ன செய்தேன் என்பது இப்போது ஊருக்கே தெரியும். மிளகுக் கொடிப் பக்கம் கசிப்புச் சாராயம் வந்திருக்கிறது என்று காதில் விழுந்தது. நான் வரும்வரை எரியட்டும் என்று இரண்டு மடங்கு விறகைத் திணித்துவிட்டுப் போனேன். பக்கத்தில் காலிச் சாக்குகள் கிடந்ததைப் பார்த்தேன், தள்ளிப் போடவில்லை. நாலு மணிக்கு நீ வந்தபோது சாக்கு பற்றி, தட்டு பற்றி, கூரை பிடித்துக்கொண்டிருந்தது. நீ உள்ளே ஓடி, இழுக்க முடிந்த தட்டுகளையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டாய். முழங்கை வரை தோல் உரிந்துவிட்டது. ஆட்கள் ஓடி வந்தபோது அங்கே நின்றது நீ மட்டும்தான். நான் கூட்டத்தோடு கூட்டமாக வந்து சேர்ந்தேன்.

யாருடைய நேரத்தில் நெருப்புப் பற்றியது என்பதுதான் கேள்வி. துரைக்கு ஒரு ஆள் வேண்டும். கணக்கப்பிள்ளையும் சங்கத் தலைவரும் பேசி, இரண்டு பேரும் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணட்டும் என்று முடிவு செய்தார்கள். நம்ம ஆட்களுக்கு அதுக்கு மேலே கோர்ட் கிடையாது. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டுப் பொய் சொல்ல எவனுக்கும் துணிச்சல் வராது என்பது நம்பிக்கை. எனக்கு வந்தது. முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். "என் நேரத்துல நெருப்பு பத்தல, அம்மன் அறிய" என்று சொல்லி ஒரே அடியில் அணைத்தேன். கை சுடக்கூட இல்லை.

அடுத்து உன் முறை. புதுச் சூடம் கொளுத்தி நீட்டினார்கள். நீ கட்டுப்போட்ட கையைப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றாய்.

"எங்க வேதத்துல சத்தியம் பண்ண வேணாம்னு இருக்குங்க. நான் வந்தப்பவே எரிஞ்சிகிட்டு இருந்திச்சு. நான் சொன்னது அவ்வளவு தான்."

தலைவர் மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் நீ அதையேதான் சொன்னாய். உண்மைக்காரன் ஏன் பயப்படுகிறான் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான், வழக்கு முடிந்துவிட்டது. அணைத்தவன் யோக்கியன், அணைக்காதவன் குற்றவாளி. உன் வாயிலிருந்து என் பேர் வரும் என்று நான் காத்து நின்றேன். நீ பார்த்ததை மட்டும் சொன்னாய், பார்க்காததைச் சொல்லவில்லை.

துரை உன் பேரை வெட்டிப் பத்துச்சீட்டுக் கொடுத்தார். வேலை போனால் காம்பராவும் போச்சு. மூன்றாம் நாள் நீயும் உன் சம்சாரமும் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினீர்கள். நான் கதவு இடுக்கில் நின்றேன். திட்டுவாய் என்று நினைத்தேன். "பூனை எங்கயோ போயிருச்சு மச்சான். வந்தா கொஞ்சம் சோறு வை" என்று சொல்லிவிட்டு நடந்தாய். பூனை சாயங்காலமே வந்து, என் அடுப்படியில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தது. அதன் முன்னால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு நான் இருந்த இருப்பை இருட்டு என்றுதான் சொல்ல வேண்டும். வெளியே பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் பூசையில் தீபத்தட்டு சுற்றி வரும்போது எல்லாரும் சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள், நான் ஆளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். வீட்டில் விளக்கேற்றும் நேரத்துக்கு வெளியே போய்விடுவேன். அம்மன் என்னை ஒன்றும் செய்யவில்லை. என்னை நானே பார்க்கப் பயந்தேன். குடித்தேன். குடித்தாலும் மாரியம்மன் கோயில் வாசலில் கட்டுப்போட்ட கையோடு நீ நிற்பது தெரிந்தது.

என் சம்சாரம் நெருப்புக் காய்ச்சலில் மாத்தளை ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தாளே, ஞாபகம் இருக்கும். தோட்டத்திலிருந்து என்னால் வாரத்தில் ஒரு நாள்தான் போக முடிந்தது. போனபோது கட்டிலடியில் ஒரு கஞ்சிப் போத்தல். யார் கொண்டு வந்தது என்று கேட்டேன். நீதான், தினமும் என்றாள். பலாபத்வலயில் சுண்ணாம்புச் சூளையில் வேலை செய்துகொண்டு, சுண்ணாம்புத் தூளில் சிவந்த கண்ணோடு, தினமும். எனக்கு முதலில் வந்தது கோபம். நீ என்னைத் திட்டியிருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும். அன்றைக்கும் நீ வந்து, அவள் தலைமாட்டில் நின்று கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டு, "வந்துட்டியா, நான் சூளைக்குப் போகணும்" என்று கிளம்பிவிட்டாய்.

அவள் பிழைத்தாள். நன்றிக்காகத்தான் முதல் தடவை உன் சபைக்கு வந்தேன். தகரக் கூரை, பாய், கடைசி வரிசை. அப்புறம் நன்றி தீர்ந்த பிறகும் வந்தேன். பாவிகளைத் தேடி வந்த ஒருவரைப் பற்றிப் போதகர் சொன்னபோது, கதவு இடுக்கில் நின்ற என்னையும் அவர் தேடுவார் என்று நம்பினேன். குடியை விட்டேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு ஞானஸ்நானம் கேட்டேன். சுது கங்கை ஆற்றில் நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முதல் வாரம் தூக்கம் வராமல், விடிந்ததும் சூளைக்கு வந்து உன்னிடம் சொன்னேன்.

"மச்சான், நெருப்பு என் நேரத்துல தான் பத்திச்சு."

நீ மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தாய். "தெரியும். நான் உன்ன மன்னிச்சு நாளாச்சு. ஆனா எனக்குச் சொல்லி என்ன? எங்க பொய் சொன்னியோ அங்க போய்ச் சொல்லு."

வேலை போய்விடும் என்றேன். போகும் என்றாய். சம்சாரம் இப்போதுதான் எழுந்து நடக்கிறாள் என்றேன். நீ மண்வெட்டியால் ஒரு வாரு வாரிக் கொட்டினாய். பிறகு சொன்னாய்: "ஜெபம் பண்றது கஷ்டமில்ல மச்சான். சொன்னதக் கேட்டு நடக்கிறது தான் கஷ்டம். போய்ட்டு வா. கங்கையில தண்ணி அங்கயே தான் இருக்கும்."

அன்றைக்கு உன்மேல் வந்த ஆத்திரத்தை இப்போது ஒத்துக்கொள்கிறேன். பஸ்ஸில் போகிற வழியெல்லாம் உன்னைத் திட்டினேன்.

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில், ஆட்கள் எல்லாம் பேர் போட நின்றபோது, முன்னால் போய்ச் சொன்னேன். கசிப்பையும் சொன்னேன், சாக்கையும் சொன்னேன், சூடத்தையும் சொன்னேன். கணக்கப்பிள்ளை நான் குடித்திருப்பதாக நினைத்து வாயை முகர்ந்து பார்த்தார். உன்னைத் துரத்தியதைவிட அம்மன் முன்னால் பொய் சொன்னதுதான் ஆட்களுக்குப் பெரிய ஆத்திரம். ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். கோயில் பண்டாரம் மட்டும், "விடுங்கப்பா, பொய் சொன்ன வாயால உண்மையச் சொல்றதுக்கும் ஒரு நெஞ்சு வேணும்" என்றார். அந்த மனுஷனை நான் மறக்கவில்லை.

துரை எனக்கும் பத்துச்சீட்டுக் கொடுத்தார். சம்சாரம் இரண்டு நாள் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. மூன்றாம் நாள் சட்டிபானையைக் கட்டினாள். போக இடம் தெரியாமல் பஸ் ஏறி, பலாபத்வலயில் இறங்கினால், நீ ரோட்டிலேயே நிற்கிறாய். நேரே, நானா என்று எல்லாரும் கூப்பிடும் சூளை முதலாளியிடம் கூட்டிக்கொண்டு போனாய். "நானா, நெருப்புப் பாக்கத் தெரிஞ்ச ஆளு. இனிமே நெருப்ப விட்டுட்டு எங்கயும் போக மாட்டான்" என்றாய். அவருக்குப் புரியவில்லை, நீ சிரித்தாய். எனக்கு அழுகை வந்துவிட்டது. உன் வேலையைப் பறித்தவனை உன் பக்கத்தில் நிறுத்தி, கையில் நெருப்பைக் கொடுத்தாய்.

தோட்டத்திலிருந்து உனக்கு ஆள் வந்தது, வேலைக்குத் திரும்பி வரச் சொல்லி. சூளை பழகிவிட்டது என்று அனுப்பிவிட்டாய். உன் சம்சாரம் மட்டும் அந்த வருஷத் திருவிழாவுக்குப் பழைய லயத்துக்குப் போய், நாலு வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தாள். அன்று அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் நான் உன்னிடமிருந்து எடுத்தது வேலையை மட்டுமில்லை என்று புரிந்தது.

ஞானஸ்நானத்தன்று வானம் ஒன்றும் திறக்கவில்லை. தண்ணீர் சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். குளிரோடு சூளைக்கு வந்து கையை நெருப்புப் பக்கம் நீட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், உள்ளங்கை விரிந்திருந்தது.

இனி போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சூடத் தட்டு என் முன்னால் எரிகிறது, என் கை மூடிக்கொண்டு நிற்கிறது. சத்தியம் பண்ண மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவர் கையை உயர்த்தினார். அதே தலைவர்தான், மச்சான். உன்னை மூன்று தரம் கேட்டவர். கண் சரியாகத் தெரிவதில்லை இப்போது.

"அந்தாளுக்குச் சூடம் வேணாம்மா. அவரு சொன்னா போதும்."

அந்தப் பெண் தட்டைத் தரையில் வைத்தாள். கூட்டத்தில் பாதிப்பேர் இளசுகள், அவர்களுக்கு ஏன் என்றே தெரியாது. உன் வாயிலிருந்து வந்த உண்மைக்குக் கிடைக்காத அந்த வார்த்தை, பொய் சொல்லிச் சூடம் அடித்த எனக்குக் கிடைத்தது. நான் மரத்தைப் பற்றித் தெரிந்ததைச் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, அவர் பக்கத்தில் போய், இந்த வார்த்தை என்னுடையது இல்லை என்றேன். அவர் என் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "தெரியும்ப்பா. அன்னைக்கு அவன்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றார்.

கூட்டம் கலைந்த பிறகும் தட்டு அங்கேயே இருந்தது. யாரும் சூடத்தை அணைக்கவில்லை. அது தானாக எரிந்து முடியும்வரை நான் கையை விரித்துக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றேன்.