செம்புக் குடத்துத் தண்ணீர்

செவ்வாய்க்கிழமை, இரவு.

வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்பே கடல்மீன் தொட்டியைப் பார்த்துவிட்டேன். சிவப்பு இறால் இரண்டும் மல்லாந்து கிடந்தன. கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தைகள் மணலில் விழுந்து கிடந்தன. மீன்கள் மட்டும் எதுவும் நடக்காததுபோல் சுற்றிக்கொண்டிருந்தன. தண்ணீரில் அம்மோனியா அளவு பார்த்தேன், உப்பு அளவு பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன.

"தொட்டில தண்ணி கொறஞ்சா குடிக்கிற தண்ணிய ஊத்துங்கன்னு காலையில ட்ரெயின்லருந்து போன் பண்ணியே, அதத்தான் ஊத்துனேன்," என்றார் என் வீட்டுக்காரர்.

எங்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீர் செம்புக் குடத்தில்தான் இருக்கும். உடம்புக்கு நல்லதென்று தினமும் ராத்திரி அதை நிரப்பி வைப்பவளே நான்தான். செம்பு இறாலுக்கும் நத்தைக்கும் விஷம் என்று தெரிந்தவளும் நான்தான். குடத்துத் தண்ணீர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. அவரை என்னவென்று திட்டுவது?

அவர் அதோடு விட்டிருக்கலாம். "கடலே இல்லாத ஊர்ல கடல் மீனு இன்னாத்துக்கு? தொட்டிய வித்துட்லாம்," என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சொரங்கத்த மூடிட்டு தங்கமே எடுக்காத தங்கவயல்ல நாம இல்லியா? போங்க, பக்கெட்ட எடுத்தாங்க," என்றேன்.

எடுத்து வந்தார். உப்புக் கலந்து வைத்திருந்த தண்ணீரை ஊற்றி, பாதித் தொட்டியை மாற்றிவிட்டோம். நாளைக்கும் மாற்றுவேன், நாளை மறுநாளும் மாற்றுவேன். செம்பு முழுக்கப் போனதும் மறுபடி இறால் விடுவேன்.

இரண்டு இல்லை, நான்கு.