இசக்கிக்கு எலும்பு இல்லை

ஏழாம் பாறைச் சுரங்கம். திங்கள், காலை 6.10

காத்து மெஷின் ஓடுது. தண்ணி இருக்கு. பத்துப் பேருக்கும் கஞ்சி வச்சாச்சு. எழுதுறது சமையக்காரி வடிவு. சூப்பர்வைசர் போன விண்கப்பல்ல பூமிக்கு, ஊருக்குப் போயிட்டாரு. போகும்போது இந்தப் பதிவு போடுற வேலையையும் என் தலையில கட்டிட்டாரு. அஞ்சாங்கிளாஸ்தான் படிச்சேன். இது எல்லாக் கப்பலுக்கும் போகுமாம். தப்பு இருந்தா படிக்கிறவங்க சரி பண்ணிக்கிடுங்க.

இன்னைக்கு என் மக இசக்கிக்குக் காடாத்து, எரிச்ச எலும்பைப் பொறுக்கிப் பால் தெளிக்கிற நாள்.

திங்கள், காலை 9.40

சுரங்கத்துல ஒரு கல்லு நகந்து வந்து அவ நெஞ்சுல சாய்ஞ்சுது. மெதுவாத்தான் சாய்ஞ்சுது. ஊர்ல உப்பு மூட்டை சொமந்தவ. செத்துட்டா.

தாது உருக்குற உலையிலதான் எரிச்சோம். எலும்பு பொறுக்கப் பொம்பளை போகக்கூடாதும்பாங்க. அவளுக்கு வேற யாரு இருக்கா? பால் பவுடரைக் கரைச்சு எடுத்துட்டுப் போயி உலைத் தட்டை இழுத்தேன்.

எலும்பு இல்லை. சாம்பலும் பல்லும்தான். மண்டையோடு கூட இல்லை. எங்க வீட்டுக்காரரு எரிஞ்சப்ப ஒரு கலயம் நெறைய வந்துச்சு. என் மக எலும்பை எவன் எடுத்தான்?

செவ்வாய், காலை 11.00

கம்பெனி டாக்டரம்மாகிட்ட கேட்டேன். பதில் வந்துச்சு.

"வடிவு, எலும்பில் சுண்ணாம்புச் சத்து இறுகியிருக்கும். எரித்தாலும் மிஞ்சும். குறுகிய சுரங்கத்தில் வளைந்து செல்வதற்காக, எலும்பைக் குருத்தெலும்பாக மாற்றும் ஊசியை உங்கள் ஆட்களுக்குப் போட்டிருக்கிறோம். காது மடலைத் தொட்டுப் பாருங்கள். அதுதான் குருத்தெலும்பு. வளையும், ஒடியாது. எரித்தால் மிஞ்சாது. உங்கள் மகளுக்கு ஆழ்ந்த அனுதாபங்கள்."

தொட்டுப் பார்த்தேன். மடக்கினா மடங்குது. இதை வச்சா என் புள்ளைக்கு நெஞ்சுக்கூடு கட்டுனீங்க? விலாவா இருந்தா ரெண்டு ஒடிஞ்சிருக்கும். கட்டுப் போட்டு ஒட்ட வச்சிருப்பேன். கல்லு சாய்ஞ்சதும் கூடே மடங்கி இருதயத்தை நசுக்கிடுச்சு.

எலும்புக்கு பலம்னு சொல்லித்தான் ஊசி போட்டானுக. சமையக்காரிக்கு எதுக்குச் செலவுன்னு எனக்குப் போடலை.

புதன், மதியம் 1.15

சாப்பாட்டு நேரத்துல சுரங்கத்துல இருந்து மூக்காண்டி ஸ்பீக்கர்ல பேசுனான்.

"வடிவக்கா, எனக்கு முழங்கால்ல கிழிஞ்சது மாசக்கணக்கா ஆறலையே, ஏன்னு அந்தம்மாகிட்ட கேளுங்க. உடம்பு பூரா காதாம்ல? நல்லவேளை, என் பொண்டாட்டி இங்க வரலை. அவ பேசுறதை இத்தனை காதால கேட்டு எப்படித் தாங்குவேன்."

அவன் சிரிச்சான். கூட யாரும் சிரிக்கலை. நான் டாக்டரம்மாகிட்ட கேட்டேன்.

"குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது. கிழிந்தால் பெரும்பாலும் ஆறாது. எலும்பு ஆறும். அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்."

நான் சொல்லணுமாம். பக்குவமா. கம்பெனி செஞ்ச வேலைக்கு நான் துக்கம் சொல்லிட்டுத் திரியணும்.

வியாழன், காலை 7.30

கம்பெனியில இருந்து சேதி வந்திருக்கு.

"சுரங்கம் மூடப்படுகிறது. சனிக்கிழமை சரக்குக் கப்பல் வரும். அனைவரும் ஏறவும்."

இந்தப் பாறையில எடையே தெரியாது, கப்பல் வேகம் எடுத்தா எடை வரும். இங்க வரும்போது நெஞ்சுல ஆட்டுக்கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருந்துச்சு. எலும்பு இருக்கிற எனக்கே மூச்சு முட்டுச்சு. இவங்க என்ன ஆவாங்கன்னு கேட்டேன். மெதுவா ஓட்டச் சொன்னேன்.

"மெதுவான பயணத்துக்கு எரிபொருள் அனுமதி இல்லை."

அவ்வளவுதான் பதில். அந்தக் கப்பல்ல ஏறினா பத்துப் பேரும் இசக்கிதான்.

சனி, காலை 8.05

கப்பல் வந்து ஒட்டிக்கிட்டு நிக்குது. ஆள் இல்லாக் கப்பல். கதவை உள்ளே இருந்துதான் தொறக்கணும். நான் தொறக்கலை.

"கதவைத் திறக்கவும். மறுத்தால் காற்று இயந்திரத்தை இங்கிருந்தே நிறுத்துவோம்."

நிறுத்துவியாடா? என் புள்ளைய மடக்கி எரிச்சாச்சு. இன்னும் பத்து வேணுமா?

சனி, காலை 8.50

மூக்காண்டி சொல்றான்: "அக்கா, மெஷினுக்குப் பின்னால செவப்புக் கேபிள் இருக்கு. வெட்டிட்டா அவனுக நம்ம காத்தைத் தொட முடியாது, மெஷினை நாமளே கையால ஓட்டிக்கலாம். ஆனா நாம பேசவும் முடியாது. உங்க பதிவும் வெளிய போகாது."

பேசி என்னத்தக் கண்டோம்.

சனி, காலை 9.02

மெஷின் சத்தம் கொறையுது. கத்தி கையில இருக்கு.

இதைப் படிச்சிட்டு யாராவது வந்தா மெதுவா வாங்க, மெதுவாவே கூட்டிட்டுப் போங்க. தூக்கும்போது கழுத்துக்கு அடியில கை குடுங்க, பச்சப்புள்ளையத் தூக்குற மாதிரி. இங்க ஆளே இல்லைன்னு கம்பெனி சொல்லும். நம்பாதீங்க. பேரைச் சொல்லிட்டு வெட்டுறேன்.

மூக்காண்டி. செபஸ்தியான். கொம்பையா. அவன் தம்பி குருசாமி. சந்தனமாரி, இவ இசக்கியோட சேந்து வந்த புள்ள. ஒச்சா

மெஷின் நின்னுடுச்சு. வெட்டு