இடது கை தூக்கியவர்கள்

அன்பு மகன் பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மற்றதை நிதானமாகப் படிப்பாய்.

இந்த ஊரை எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லையடா. அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. பூமிக்கு அடியில் ரயில் ஓடுகிறது, அதற்கும் அடியில் இன்னொரு ரயில். முதல் நாள் நகரும் படிக்கட்டில் கால் வைக்கப் பயந்து நின்றேன். பின்னால் வந்த அத்தனை பேரும் முகம் சுளிக்காமல் காத்திருந்தார்கள். வாயைப் பிளந்துகொண்டு நிற்பதே எனக்கு முழுநேர வேலையாகிவிட்டது.

உண்மையான வேலைதான், இங்கிலீஷ் டீச்சர் வேலைதான், அமையவில்லை. போன இடமெல்லாம் என் முகத்தைப் பார்த்ததும், இங்கிலீஷ் உங்கள் தாய்மொழியா என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். நீ எடுத்துக் கொடுத்த ரிட்டர்ன் டிக்கெட்டோ மாதக் கடைசிக்கு. அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் நீ சொன்னதுதான் சரியென்று மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அப்போதுதான் ஒரு மாலைநேரப் பள்ளியில் மாதிரி வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள்.

வகுப்பறை முப்பதாவது மாடியில். ஜன்னலுக்கு வெளியே மேகம், சத்தியமாக மேகம்! மாணவர்கள் எல்லாரும் வேலை முடிந்து வந்த பெரியவர்கள். ஒருவர் கிரேன் ஓட்டுகிறவர். எதிரே நிற்கிற கட்டடம் இவர் கையால் எழும்பியதாம். அவ்வளவு உயரத்தில் தனியாக உட்காருகிற மனுஷன், 'குட் ஈவினிங்' சொல்ல நடுங்கினார்.

என் வகுப்பைப் பார்க்க வேண்டிய பள்ளித் தலைவி இன்னும் வரவில்லை என்று நினைத்து, அவர் வருவதற்குள் பழக்க தோஷத்தில் ஒன்று செய்தேன். இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் நம் பள்ளிக்கூடத்தில் செய்வோமே, அதுதான். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை; ஆனால் எல்லாரும் தூக்க வேண்டும், வலது கைக்காரரை மட்டும்தான் கேட்பேன். சைகையோடு விளக்கியதும் குபீரென்று சிரித்தார்கள். அதன் பிறகு எதைக் கேட்டாலும் கைகள்தான். முன் வரிசையில் ஒரு சின்னப் பெண் இடது கையைத் தூக்கினாள். அவளை நைசாகத் தாண்டி கிரேன்காரரிடம் போனேன். பிசிறில்லாமல் பதில் சொன்னார்.

வகுப்பு முடிந்ததும் அந்தப் பெண் எழுந்து வந்து கை குலுக்கினாள். அவள்தான் தலைவி. என்னைக் கவனிக்கத்தான் மாணவி மாதிரி உட்கார்ந்திருந்தாளாம். யாரை ஏமாற்ற இந்த ஏற்பாடு என்று கேட்டாள். தெரியாதவர் நாலு பேர் முன்னால் தலைகுனியக் கூடாது, மறுநாள் இடது கைக்காரர்களுக்குத்தான் முதல் பாடம் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். இங்கே தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டே பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள், திங்கட்கிழமை வந்துவிடுங்கள் என்றாள்.

ஒப்பந்தம் இரண்டு வருடம். கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை.

ஏர்போர்ட்டில் "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்று கேட்டாயே, அதற்குப் பதில் இப்போது சொல்கிறேன். இன்றைக்கு என்ன பார்க்கப் போகிறோமோ என்று காலையில் ஆசையோடு எழுந்திருக்கிறேன், பெரியவனே. உன் அப்பா போன பிறகு அப்படி எழுந்ததே இல்லை.

நீயும் மருமகளும் குறையில்லாமல் வாழ வேண்டும். மாதக் கடைசியில் என்னை அழைத்துப்போக வந்து நிற்காதே. கோபமென்றால் நாலு வரி திட்டியாவது எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதேடா.

உன் அம்மா